கூப்பிடு முக்கு

இல்லக்கா, நீங்க ஜன்னல் பக்கமே உக்காருங்க. நான் யூனிவர்சிட்டிக்கு ரோடு பிரியுற விலக்குல இறங்கிருவேன். பையை மட்டும் மடியிலயே வச்சிக்கிடுதேன், கீழ வச்சா நொறுங்கிப் போகும். கடலை மிட்டாய். எங்க ஊரு கோவில்பட்டி, நான் வேலை பாக்குறதே மிட்டாய்க் கம்பெனியிலதான், பாக்கெட் போடுற பக்கம். ஒண்ணு எடுத்துக்கிடுங்க. சும்மா எடுங்க, நெறைய இருக்கு.

எம் மகளுக்குக் கொண்டு போறேன். அங்கதான் அஞ்சு வருசப் படிப்பு படிக்கா, இது கடைசி வருசம். ஹாஸ்டல்ல இருக்கா.

பிடிக்குமாவா? பிடிக்காம என்ன. பெரியவ ஒரு பாக்கெட்டப் பிரிச்சா மூடவே மாட்டா, உக்காந்த எடத்துலயே தின்னு முடிச்சிருவா. சின்னவதான் சின்னப் பிள்ளையில, கடலை தின்னா தொண்டை ஊறலெடுக்குதும்மான்னு சொல்லிக்கிட்டு கெடப்பா. அதெல்லாம் சும்மா. பிள்ளைக சொல்லுறதுக்கெல்லாம் காது குடுத்தா முடியுமா.

எனக்கா? ரெண்டு பிள்ளைக. யாரு கேட்டாலும் ரெண்டுன்னுதான் சொல்லுவேன். அவ அப்பா பக்கத்துல இருந்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவாரு. ஒண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்கு. மூத்தவ செண்பகவல்லி. எங்க ஊரு அம்மன் பேரு. நர்சம்மா துணியில சுத்திக் கையில குடுத்த உடனே நான்தான் வச்சேன், யாரையும் கேக்கல. செம்பான்னு கூப்பிடுவேன். பன்னெண்டாவது படிக்கும்போது காய்ச்சல்னு படுத்தா. டெங்குன்னாங்க. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். அதோட போயிட்டா. இந்தக் கார்த்திகையோட எட்டு வருசம் முடிஞ்சிட்டு.

இப்பம் நான் பாக்கப் போறது சின்னவளை. அவ பொங்கலுக்கு வரலக்கா. பொங்கலுக்கு வராத பிள்ளை உண்டா சொல்லுங்க. போன் போட்டா எடுக்கா. எடுத்து, சாப்பிட்டேம்மா, நல்லாருக்கேம்மா, பிராக்டிஸ் இருக்கும்மா. மூணு வார்த்தை. அப்புறம் வச்சிருதா. என் மேல கோவமாம். அவ சொல்லல, அவ கூட்டாளி சொல்லுதா.

எதுக்குக் கோவம்னு கேளுங்க. ஓட்டப் பந்தயத்துல நான் அவளைக் கூப்பிட்டேன். அதான் குத்தம். சிரிப்பு வரும் உங்களுக்கு. எனக்கும் மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு.

எங்க வீட்ல ஓட்டம்னா செம்பாதான். நூறு மீட்டர் ஓடுவா. விசில் ஊதி, நாம கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள அங்க போயி நிப்பா. பள்ளிக்கூடத்துல அவளை முந்துன பிள்ளை கிடையாது. நான் ஒரு போட்டிய விட மாட்டேன். கம்பெனியில லீவு சொல்லிட்டு, வெயில்ல முக்காடு போட்டுக்கிட்டு கயித்துக்கு இந்தப் பக்கம் நிப்பேன். "செம்பா, ஏ செம்பா"ன்னு நான் ஒரு சத்தம் குடுத்தா அவளுக்குக் காலு தரையில படாது. பி.டி. சாரே சொல்லுவாரு, "எம்மா, நீங்க வந்தாத்தான் அவ ஓடுதா"ன்னு.

சின்னவ அப்பம்லாம் என் சேலையப் புடிச்சிக்கிட்டு நிப்பா. தண்ணி பாட்டில் வச்சிருப்பா. அவ ஓடுவான்னு யாரு கண்டா? இங்க வந்து சேர்ந்தாளா, சேர்ந்த வருசமே யூனிவர்சிட்டியில ஒரு ஓட்டக் கிளப் இருக்குதும்மா, நான் சேர்ந்துட்டேன்னா. எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா. நேரா செம்பா படத்துக்கு முன்னால போயி நின்னேன். "ஏட்டி, நீ விட்டுட்டுப் போனத உன் தங்கச்சி எடுத்துட்டா பாத்தியா"ன்னு சொல்லி அழுதேன். சின்னவ கதவுகிட்ட நின்னுக்கிட்டு, "அப்படியெல்லாம் இல்லம்மா, எனக்கு ஓடப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்"ன்னா. நான் விடல. பீரோவத் தொறந்து அக்கா ஷூவ எடுத்துக் குடுத்தேன். கவர் போட்டு, உள்ள நாப்தலின் உருண்டை போட்டு அப்படியே வச்சிருந்தேன். புதுசு மாதிரி இருந்துச்சு.

போட்டுக்கிட்டா. போட மாட்டேன்னு சொல்லவே இல்ல. ஒரு வருசம் பூரா அதைப் போட்டுத்தான் ஓடுனா. லீவுக்கு வரும்போது பாத்தா காலு நகமெல்லாம் கருத்துக் கெடக்கும். ஓடுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும் போலன்னு நான் தேங்காண்ணெய் தடவி விடுவேன். பேசாம காலை நீட்டிக்கிட்டு இருப்பா.

ஆனா இவ ஓட்டம் வேற ஓட்டம். வருசா வருசம் கார்த்திகை மழையில ஒரு பந்தயம். கிரவுண்டுல இல்ல, காட்டுல. பத்து கிலோமீட்டராம். கிரவுண்டுல ஆரம்பிச்சு, ஓடையில இறங்கி, கரிசக் காட்டுக்குள்ள போயி, கொளத்துக் கரை ஏறித் திரும்ப வரணும். சுத்துப்பட்டுக் காலேஜ் பிள்ளைக எல்லாம் வரும். அதுல முதல் ஆறு பேருதான் யூனிவர்சிட்டி டீம், வடக்க எங்கயோ நடக்குற பெரிய போட்டிக்குப் போவாங்க. நீங்களும் நம்ம பக்கந்தான, கரிசல் மழையில எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா. நாலு எட்டு வச்சா காலுல மண்ணு அம்மிக்கல்லு கணக்கா அப்பிக்கிடும். நடக்கவே முடியாது, அதுல ஓடுறதாம். இந்தப் பந்தயத்தை மழை விட்ட பெறகு தை மாசத்துல வச்சா என்னட்டின்னு கேட்டேன். "சகதியிலதாம்மா இந்தப் பந்தயமே"ங்கா.

ஒவ்வொரு வருசமும் கூப்பிட்டா. நான் போகல. போகக் கூடாதுன்னு இல்ல, அந்த வாரந்தான் செம்பாவுக்குத் திதி வரும். சமையல் இருக்கு, அய்யருக்குச் சொல்லணும், சொந்தக்காரங்க வருவாங்க. திதிய விட்டுட்டுப் பந்தயம் பாக்கப் போற தாய் உண்டா. அவளும் ஞாயித்துக்கிழமை பந்தயத்தை ஓடிட்டு, சாயங்காலம் பஸ் ஏறித் திதிக்கு வந்துருவா. காதுக்குப் பின்னால சகதி காஞ்சிருக்கும். குளிச்சிட்டு வாட்டின்னு வெரட்டுவேன். எத்தனாவதா வந்தட்டின்னு நான் கேட்டேனா, கேக்கலையா... கேட்டிருப்பேன்.

இந்த வருசம் திதி மூணு நாள் தள்ளி வந்துச்சு. அவளே காலண்டரப் பாத்திட்டு போன் போட்டா. "அம்மா, இந்தத் தடவை தடங்கல் இல்ல. கடைசி வருசம். ஒரே ஒரு தடவை வாயேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், முக்குல நின்னு என்னைக் கூப்பிட்டாப் போதும்"ன்னா. அவ எதையும் வேணும்னு கேக்குற பிள்ளை இல்லக்கா. செம்பா கேப்பா, தரையில உருண்டு கேப்பா. இவ கேக்க மாட்டா. அவ அப்பா, "போயிட்டு வா, பிள்ளை கேட்டிருக்கா"ன்னாரு. சரின்னு கெளம்பிட்டேன்.

இதே பஸ்தான். அன்னைக்கு நல்ல மழை. விலக்குல இறங்குனா ஒரு பிள்ளை குடையோட நிக்கா. பெனடிக்டான்னு பேரு, தூத்துக்குடிப் பிள்ளை, கிளப்புக்கு அவதான் கேப்டன். முழங்காலுல கட்டுப் போட்டிருந்தா, அதனால ஓடல. "அம்மா, நீங்கதான பேச்சியோட அம்மா"ன்னா. எனக்கு ஒரு நிமிசம் யாரைச் சொல்லுதான்னு புரியலக்கா. பெறகு ஆமாம்மான்னேன். பேச்சியம்மா அவ அப்பாவப் பெத்தவுக பேரு. பேத்திக்கு அந்தப் பேருதான் வைக்கணும்னாங்க, வச்சிட்டோம். வீட்ல யாரு அதைக் கூப்பிடுதா? அவ அப்பா பாப்பாம்பாரு. நான் சின்னவளேம்பேன். முக்காவாசி நேரம் செம்பான்னுதான் வாயில வரும். அதுக்கும் 'என்னம்மா'ன்னு வந்து நிப்பா. எட்டு வருசமா வந்து நின்ன பிள்ளைதான.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மத்தியில பேச்சின்னு சொன்னா கேலி பண்ணுவாளுகளேன்னு நான் நெனச்சிருக்கேன். அங்க போயிப் பாத்தா, மழைக்குள்ள அத்தனை பிள்ளைகளும் 'பேச்சி இங்க வா', 'பேச்சி அதை எடு', 'பேச்சி ஆல் த பெஸ்ட்'ன்னு அந்தப் பேரைத்தான் கோயில் கொடையில சாமியக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுதாளுக. அவளும் சிரிச்சுக்கிட்டுத் திரியுதா. அப்படிச் சிரிச்சு நான் வீட்ல பாத்ததில்ல. நெஞ்சுல நம்பர் குத்தியிருந்தா, தலைய இறுக்கிப் பின்னியிருந்தா. என்னைக் கண்டதும் ஓடி வந்தா. நான் கால்தான் மொதல்ல பாத்தேன். வேற ஷூ. "ஏட்டி, அக்கா ஷூ எங்க?"ன்னு கேட்டேன்.

"அது பத்தலம்மா"ன்னா. "எப்பவுமே பத்தல."

இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? சொன்னாத்தான தெரியும். சரி, ஓடப் போற பிள்ளைகிட்ட எதுக்குப் பேச்சுன்னு, தலையில தண்ணி கோக்காம ஓடுன்னு சொல்லி அனுப்புனேன்.

பெனடிக்டா என்னை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. கொளத்துக் கரை முடிஞ்சு கிரவுண்டுக்குள்ள திரும்புற முக்கு. அங்கருந்து பாத்தா முடிவுக் கயிறு கண்ணுக்குத் தெரியும். அந்தக் கிளப்புல அதுக்குக் கூப்பிடு முக்குன்னு பேரு. "இங்க வரும்போது யாருக்கும் கால் இருக்காதும்மா. சகதியில எல்லாம் போயிருக்கும். இங்க நின்னு வீட்டாளு ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மிச்சத்தை ஓடிருவாங்க. அதனால வீட்டாளு வந்திருந்தா நாங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது, அதுதான் எங்க முறை. வீட்டாளு வராதவங்களுக்கு நாங்க எல்லாருமாச் சேர்ந்து கத்துவோம்"ன்னா. "நாலு வருசமா பேச்சிக்கு நாங்கதாம்மா கத்துனோம். இன்னைக்கு நீங்க."

தொண்டையச் செருமிக்கிட்டேன். ஒரு காலத்துல எப்பேர்ப்பட்ட கத்து கத்துனவ.

மொதல்ல ரெண்டு பிள்ளைக ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துச்சு. வேற காலேஜ். ஆளே தெரியலக்கா. தலையிலருந்து கால் வரைக்கும் கருப்புச் சகதி. ஓடையில விழுந்து எந்திரிச்சு, காட்டுல விழுந்து எந்திரிச்சு, கண்ணும் பல்லுந்தான் வெள்ளையாத் தெரியுது. நம்பரும் தெரியல ஒண்ணும் தெரியல. மூணாவதா ஒரு பிள்ளை, காலை இழுத்துக்கிட்டு வருது. இந்தா விழப் போகுதுன்னு நெனைக்கேன், என் பக்கத்துல மழைக்கோட்டுப் போட்டு நின்ன ஒரு மனுசன், வயசாளி, "சுகன்யா, வா தாயி, வா எந் தாயி"ன்னாரு. சத்தமாக்கூட சொல்லல, அழுதுக்கிட்டே சொன்னாரு. அந்தப் பிள்ளை நிமுந்து அவரைப் பாத்துச்சு பாருங்க. அப்புறம் போச்சு பாருங்க ஒரு போக்கு. எனக்கும் அழுகை வந்துட்டு.

அதுக்குப் பெறகு ஒரு பிள்ளை போச்சு. பெனடிக்டா என் கையப் புடிச்சா. "அம்மா, அஞ்சாவதா நம்ம பிள்ளை வாரா. ரெடியா இருங்க"ன்னா. அங்கன நின்ன அத்தனை பிள்ளைகளும் வாயப் பொத்திக்கிட்டாளுக. நெசமாவே கையால பொத்திக்கிட்டாளுக. மழைச் சத்தந்தான் கேக்குது.

இதை நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. வாய் தவறிப் போச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அவ அப்பாட்டயும் அப்படித்தான் சொன்னேன். எந்தத் தாய்க்கு வாய் தவறல, ஒரு பிள்ளையக் கூப்பிட இன்னொரு பிள்ளை பேரு வரத்தான் செய்யும், இல்லையா. நீங்க யாரோ நான் யாரோ, இறங்கிப் போனா திரும்பப் பாக்கவா போறோம். உங்ககிட்டச் சொல்லுதேன். வாய் தவறல.

கரையில இருந்து இறங்கி வாரா. மூஞ்சி கெடையாது, சட்டைக்கு நெறம் கெடையாது, பூராவும் மண்ணு. மண்ணுக்குள்ள இருந்து எந்திரிச்சு வார மாதிரி வாரா. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி, கையை நெஞ்சோட வச்சு, தலையச் சாய்ச்சு. செம்பா அப்படித்தான் ஓடுவா. அச்சு அசல் அப்படித்தான். எட்டு வருசம் ஆச்சுக்கா, ஒரு நாள் கனவுல வந்திருப்பாளா? ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, என் மாமியா கனவுல வந்தா, எங்க அய்யா கனவுல வந்தாருன்னு. நானும் தெனமும் கண்ணை மூடும்போது வாட்டின்னு சொல்லிட்டுத்தான் படுப்பேன். வர மாட்டேங்கா. அன்னைக்கு வந்தா. பட்டப் பகல்ல, என் கண்ணு முன்னால, என்னைப் பாத்து ஓடி வாரா. நீங்களா இருந்தாக் கூப்பிட மாட்டீங்களா?

"செம்பா"ன்னு கத்துனேன். "ஏ செம்பா, வாட்டி, அம்மாகிட்ட வாட்டி"ன்னு கையை விரிச்சுக்கிட்டு கயித்துக்குக் கீழ பூந்துட்டேன். பெனடிக்டா என் இடுப்பப் புடிச்சு இழுக்கா.

இப்பம் அவ என்ன செஞ்சிருக்கணும்? ஓடியிருக்கணும். பேரு எதுவா இருந்தா என்ன, கூப்பிட்டது பெத்த தாய். வீட்ல அந்தப் பேருக்குத்தான் வாரவ, அங்க ஓடுறதுக்கு என்ன? ஓடலக்கா. நின்னா. நின்னு, திரும்பிப் பின்னால பாத்தா.

ஆமா. பின்னால. யாரு வாரான்னு பாத்தா.

ஓடும்போது பின்னால திரும்பிப் பாக்கக் கூடாது. இது செம்பா பி.டி. சார் மொத நாளே சொல்லிக் குடுக்குற பாடம், எனக்கே தெரியும். அஞ்சு வருசம் ஓடுனவளுக்குத் தெரியாதா? திரும்பிப் பாத்தா, பின்னால ஒண்ணும் இல்ல, வெறும் கரையும் மழையுந்தான். நல்லாப் பாத்தா. பெறகு என் பக்கம் திரும்புனா. என் விரிச்ச கை அப்படியே நிக்குது. அதுக்குள்ள கரையில ஒரு பிள்ளை தலை தெரிஞ்சுச்சு, இவளைத் தாண்டிப் போச்சு. இன்னொண்ணு தாண்டிப் போச்சு. இந்தப் பிள்ளைக எல்லாம் வாயில வச்ச கைய எடுத்துட்டு "பேச்சி, ஓடு பேச்சி"ன்னு கதறுதாளுக. ஒருத்தி அழுதா. இவ ஓடல. நடந்தா. சந்தைக்குப் போற மாதிரி நடந்துபோயிக் கயித்தத் தொட்டா. ஏழாவது.

ஆறு பேருக்குத்தான் டீம்ல எடம். ஒரே ஒரு பிள்ளையில போச்சு. அஞ்சு வருசம் பாடுபட்டு, முட்டியெல்லாம் பேத்துக்கிட்டு ஓடி, கடைசியில திரும்பிப் பாத்ததுல போச்சு. எனக்கு வயிறு எரியாதா? நான் திட்டல. சத்தியமாத் திட்டல. துண்ட எடுத்துக்கிட்டு ஓடுனேன். அவ ஒரு மரத்துக்குக் கீழ உக்காந்திருந்தா. மழைத் தண்ணி தலையில இருந்து ஒழுகுது, மூஞ்சியில கோடு கோடா மண்ணு கரையுது. அழுதாளா, மழையான்னு எனக்குத் தெரியல. "ஏட்டி, இங்க காட்டு"ன்னு துண்ட வச்சு மூஞ்சியத் துடைக்கப் போனேன்.

என் கையப் புடிச்சிக்கிட்டா. "வேண்டாம்மா, துடைக்காத"ன்னா. "துடைச்சா நான்தான் இருப்பேன்."

என்ன பேச்சுக்கா இது? நீ இல்லாம வேற யாருட்டி இருப்பான்னு கேட்டேன். அந்தக் கிளப்புல ஓடி முடிச்ச பெறகு சகதியோட எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்களாம். பெனடிக்டா வந்து அவளை எழுப்பிக் கூட்டிட்டுப் போனா. நின்னா, ஓரத்துல. எல்லாரும் பல்லைக் காட்டுதாளுக, இவ வாயத் தொறக்கல. இந்தா, என் போன்ல இருக்கு பாருங்க. யாருன்னு கண்டுபிடிக்க முடியுதா? முடியாது. எனக்கே தேடித்தான் பாக்கணும். இவதான். இல்ல, இவ. ஓரத்துல... இந்தப் பக்கத்து ஓரம்.

மூணு நாள் கழிச்சு வந்த திதிக்கும் அவ வரல. பரீட்சைன்னா. நான் அவ அப்பாகிட்ட பந்தயத்துல நடந்ததைச் சொல்லி ஆத்த மாட்டாம அழுதேன், இம்புட்டு பிடிவாதமா ஒரு பிள்ளைக்குன்னு. அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. "பின்னால திரும்பியா பாத்தா?"ன்னு மட்டும் கேட்டாரு. ஆமான்னேன். சட்டைய மாட்டிக்கிட்டு வெளியே போனவரு ராத்திரிச் சோத்துக்கு வரல. ஆம்பளைகளுக்கு என்ன, எந்திரிச்சுப் போயிரலாம். வீட்ல ரெண்டு பிள்ளையையும் நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்குறது நான்தான.

ஆமாக்கா, ரெண்டு பிள்ளையையும். அவளை நெனைக்காம இருப்பேனா. நான் அவளுக்கு என்ன கொறை வச்சேன்? செம்பாவுக்கு என்னவெல்லாம் செஞ்சேனோ அதைத்தான் அவளுக்கும் செஞ்சேன். அதே பள்ளிக்கூடம், அதே சைக்கிள், அதே மாதிரிப் பாவாடை. செம்பா கட்டில், செம்பா மேசை, எல்லாம் அவளுக்குத்தான். வேற யாருக்குக் குடுத்தேன்?

பெனடிக்டா முந்தாநாள் போன் போட்டா. நல்ல பிள்ளை. "அம்மா, ஞாயித்துக்கிழமை காலையில பிராக்டிஸ் முடிஞ்சு விலக்குல டீக்கடையிலதான் எல்லாரும் நிப்போம். நீங்க வாங்க. வந்து வேற ஒண்ணும் பேச வேண்டாம். பேச்சின்னு ஒரு தடவை கூப்பிடுங்க. அது போதும்"ன்னா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. அது என்ன பெரிய காரியமா? பேரு வச்சதே நாங்கதான. சரி தாயி, கூப்பிடுதேன்னேன். நேத்து அடுப்படியில நின்னு சொல்லிப் பாத்தேன். பேச்சி. பேச்சி. அவ அப்பா எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு. மாமியாளக் கூப்பிடுற மாதிரி இருக்கு எனக்கு. பழகிரும்.

எக்கா, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தள்ளி விடுங்க. விலக்கு வந்துட்டு. அந்தா, டீக்கடை தெரியுதுல்ல. எத்தனை பிள்ளைக பாருங்க. இருங்க, இருங்க, நம்ம பிள்ளை எங்க... அந்த நீலச் சட்டை. முதுகைக் காட்டிக்கிட்டு டீ கிளாசோட நிக்கா. மெலிஞ்சு போயிட்டாளே. பஸ்ஸு நிக்கட்டும். பையைக் கொஞ்சம் புடிங்க.

பேச்சி.

பேச்சி. ஏ பேச்சி.

அந்தக் கட்டுப் போட்ட பிள்ளை திரும்புதா பாருங்க, அவதான் பெனடிக்டா. கையக் காட்டுதா. நம்மாளு திரும்பலையே. பக்கத்துல பேசிக்கிட்டிருக்கா. என் சத்தந்தான்னு தெரியல போல. என் சத்தத்துல அந்தப் பேர அவ எங்க கேட்டிருக்கா. ஏ பேச்சி. ம்ஹும். டிரைவர் வேற எஞ்சினை உறும விட்டுக்கிட்டு.

செம்பா.

பாத்தீங்களா. பாத்தீங்களாக்கா, திரும்பிட்டா. ஒரே கூப்பாட்டுக்குத் திரும்பிட்டா. டீயக் கீழ ஊத்திக்கிட்டுத் திரும்புதா பாருங்க. நான்தான் சொன்னேன்ல, அவளுக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் கெடையாது. சிரிக்கல, வெயிலு மூஞ்சியில அடிக்கும்ல. பையைக் குடுங்க, நான் இறங்குதேன்.